முடிச்சாயப் பெட்டியில் உள்ள எண்களுக்கு என்ன பொருள்?

மாட்டுங்கா வாசகி: என் அம்மாவுக்குத் தலையில் பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. பல ஆண்டுகளாக 1 என்று அச்சிட்ட கருப்புச் சாயத்தையே பூசி வந்தவர், இப்போது பழுப்பு நிறத்துக்கு மாற விரும்புகிறார். மாட்டுங்கா கடைகளில் 4, 4.3, 3.16 என்று பெட்டிகள் இருக்கின்றன. கிராஃபோர்டு மார்க்கெட்டிலோ 5/0 என்று எழுதிய குழாய்களைக் காட்டுகிறார்கள். எண் கூடக் கூடச் சாயத்தின் வீரியமும் கூடும் என்கிறார் கடைக்காரர். அது சரியா? ஒரு நிறுவனத்தின் 4.3-உம் மற்றொன்றின் 4/3-உம் ஒன்றுதானா?

செம்பூர் சலூன்காரர்: வீரியத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை, அம்மா. முதல் எண் நிறத்தின் அடர்த்தியைக் குறிக்கிறது: 1 கருப்பு, 3 அடர் பழுப்பு, 4 பழுப்பு, 5 வெளிர் பழுப்பு, இப்படியே வெளுத்துக்கொண்டு போய் 10-இல் மிக வெளிர் பொன்னிறமாகிறது. நம்மவர்களின் இயல்பான முடி பெரும்பாலும் 1 முதல் 3 வரைக்குள் அடங்கிவிடும். புள்ளிக்குப் பின் வருவது சாயல். இரண்டு எண்கள் இருந்தால் முதலாவது முதன்மைச் சாயல், அடுத்தது துணைச் சாயல். லோரியல் முறையில் 1 சாம்பல், 3 பொன், 4 செம்பு, 6 சிவப்பு என்பதால், 4.3 என்பது பொன் சாயல் கொண்ட பழுப்பு. சில பெட்டிகளில் புள்ளியையே விட்டுவிட்டு 316 என்று அச்சிடுவார்கள், அதை 3.16 என்று படித்துக்கொள்ளுங்கள். கேரமல், சாக்லேட் என்ற பெயர்களைப் பார்த்து வாங்கினால் பசிதான் எடுக்கும், எண்ணைப் பாருங்கள்.

தாணே வாசகர்: மேலே சொன்னதில் அடர்த்தி எண் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். சாயல் எண் அப்படியல்ல. வெல்லாவில் 4 சிவப்பு, ஆனால் லோரியலில் அதுவே செம்பு. ஷ்வார்ஸ்காஃபின் இகோரா வரிசையில் செம்புக்கு 7. எல்லாவற்றிலும் சிக்கலானது 2 என்ற எண்தான்: லோரியலில் அது ஊதா சார்ந்த சாயல், வெல்லாவில் பச்சை சார்ந்த மேட் சாயல். ஒன்றை நம்பி மற்றொன்றை வாங்கினால் எதிர்பார்த்ததற்கு முற்றிலும் வேறான நிறம் கிடைக்கும். 3 பெரும்பாலும் பொன் என்பதால் உங்கள் 4.3-உம் 4/3-உம் நெருங்கி வரலாம். ஆனாலும் அந்தந்த நிறுவனத்தின் நிற அட்டையைப் பார்ப்பதே நல்லது. புள்ளி, சாய்கோடு, சிறுகோடு ஆகியவை வெறும் பிரிப்புக்குறிகள்.

செம்பூர் சலூன்காரர்: தாணே அன்பர் சொல்வது சரி. ஆனால் உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை எண்ணைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே கருப்புச் சாயம் ஏறிய முடியின் மேல் 5 பூசினாலும் அது வெளுக்காது. சாயத்தைச் சாயத்தால் நீக்க முடியாது. புதிதாக முளைத்த வெள்ளை வேர்ப்பகுதி மட்டும் பழுப்பாகி, கீழ்ப்பகுதி கருப்பாகவே நிற்கும். ஆகவே முதலில் 3 அல்லது 4-இன் இயல்புச் சாயலை வேருக்கு மட்டும் பூசி, வெட்ட வெட்டப் பழைய கருப்பு நீளம் குறையும்வரை பொறுத்திருப்பதே எளிய வழி. இயல்புச் சாயலை 4 என்றோ 4.0 என்றோ குறிப்பார்கள். வெறும் 4.3-ஐ நரையில் பூசினால் பொன்சாயல் மிகையாகத் தெரியும், அதனால் 4.0-ஐயும் 4.3-ஐயும் பாதிக்குப் பாதி கலப்பது எங்கள் வழக்கம்.

கடைக்காரர் மனதில் வைத்திருந்தது, சாயத்துடன் கலக்கும் டெவலப்பர் திரவத்தின் பாட்டிலில் உள்ள எண்ணாக இருக்கலாம். அங்கேதான் எண் கூடினால் வீரியம் கூடும்: 10 வால்யூம் என்றால் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மறைக்க வழக்கமாக 20 போதும். குழாயை மட்டும் வாங்கினால் இதையும் தனியே வாங்க வேண்டும். ஒவ்வாமை இருக்கிறதா என்று அறிய, பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே, பெட்டியில் உள்ள செய்முறைப்படி தோலில் சிறிது தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகள் ஒத்துக்கொண்ட சாயமும் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு.