‘தாமதப் புகார்’ வேண்டாம், ‘பிந்திய முறையீடு’ எப்படி?

> குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் வரும் ‘delayed complaint evidence’ என்ற சான்றுவகைக்குத் தமிழில் ‘தாமதப் புகார்ச் சாட்சியம்’ போதாதா?

போதாது ஐயா. புகார் என்றதும் நினைவுக்கு வருவது காவல் நிலையம். இங்கே பேச்சு அதைப் பற்றியதே அல்ல. குழந்தை அம்மாவிடமோ டீச்சரிடமோ முதன்முதலாகச் சொல்கிறது. கேட்டவர் பின்னர் கூண்டேறி ‘என்னிடம் இப்படிச் சொன்னாள்’ என்கிறார். அதை நீதிமன்றம் காதில் வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

காவல் நிலையத்துக்குப் போகப் பிந்துவது, குழந்தை வாய்திறக்கப் பிந்துவது என்ற இரண்டு தாமதங்களுக்கும் ஒரே சொல் என்றால் தீர்ப்புகளையே மாற்றிப் படித்துவிடுவோம். 1996இல் குர்மித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரிதுபடுத்த வேண்டாம் என்றது முதல் தகவல் அறிக்கையில் நேர்ந்த தாமதத்தை. 1952 ராமேஷ்வர் வழக்கு வேறு. எட்டு வயதுச் சிறுமி சுமார் நான்கு மணி நேரம் கழித்துத் தாயிடம் சொன்னது, அன்றைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் (2024 ஜூலையில் அதன் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது) 157ஆம் பிரிவு கேட்டபடி ‘சம்பவத்தை ஒட்டி’ச் சொன்னதாகுமா? ஆகும் என்றார்கள் நீதிபதிகள். கறாரான மணிக்கணக்கு கிடையாது. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அளவுக்குச் சீக்கிரம் சொன்னாளா, யாரும் சொல்லிக்கொடுக்க வாய்ப்புக் கிடைக்கும் முன் சொன்னாளா என்று பார்த்தார்கள்.

> அப்படியானால் ‘வெளிப்படுத்தல்’?

உளவியலில் சரி, நல்ல சொல்தான். சட்டத்தில் இடிக்கும். அதே பழைய சட்டத்தின் 8ஆம் பிரிவு, எடுத்துக்காட்டு (ஜே), பாதிக்கப்பட்டவர் முறையிட்டதையும் முறையிடாமல் வெறுமனே சொன்னதையும் பிரித்தது. முன்னது அந்தப் பிரிவுக்குள் வந்தது. பின்னது வரவில்லை, 157இன் வழியாக ஒத்துறுதிச் சான்றாக (சாட்சி கூண்டில் சொல்வதற்கு வலுச் சேர்ப்பதாக) வேண்டுமானால் நுழையலாம் என்றிருந்தது. ‘அந்த மாமா வீட்டுக்கு இனிமேல் போகமாட்டேன்’ என்று குழந்தை அடம்பிடித்தால் அதை எந்தப் பக்கம் வைப்பது? என்னைக் கேட்டால் குழந்தைகளுக்கு இந்தப் பிரிவினையே பொருந்தாது. ஆனாலும் சட்டம் போட்ட கோட்டைக் கலைச்சொல் அழிக்கக் கூடாது.

அதனால்தான் ‘முறையீடு’. மேல்முறையீட்டோடு குழம்பும் என்பீர்கள். அங்கே ‘மேல்’ இருக்கிறதே. முறைப்பாட்டை நான் எடுக்காததற்குக் காரணம், இலங்கைத் தமிழில் அது பொலிஸ் முறைப்பாடு. ‘தாமத’மும் வேண்டாம். அது ஏதோ சொன்னவர் செய்த தவறு போல ஒலிக்கிறது. ‘அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?’ என்று குறுக்கு விசாரணையில் எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள், நாம் வேறு அடியெடுத்துக் கொடுப்பானேன்?

> ஆண்டுக்கணக்கில் பிந்தினால்?

அதற்கும் இதுவே போதும். ஆஸ்திரேலியாவில் 1998 கிரஹாம் வழக்கில், ஆறு ஆண்டு கழித்துச் சொன்னதை ‘நினைவில் பசுமையாக’ இருந்தபோது சொன்னதாகக் கொள்ள முடியாது என்றார்கள். பிறகு அந்நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் 66(2ஏ) என்ற உட்பிரிவு சேர்ந்தது. கடந்துபோன காலத்தை மட்டும் பார்க்காமல் நிகழ்வின் தன்மை, சொன்னவரின் வயது, உடல்நலம் ஆகியவற்றையும் பார்க்கலாம் என்கிறது அது.

‘ஏற்புடைமை’ என்று வரும் இடத்தில் தயவுசெய்து ‘நம்பகத்தன்மை’ என்று எழுதாதீர்கள். சான்றை வழக்குக்குள் விடலாமா என்பது ஒன்று. விட்டபின் எவ்வளவு நம்புவது என்பது வேறு.

உடனே சொன்னதற்கு ‘உடன் முறையீடு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து முறையிட்டதாகவும் அதைப் படிக்க முடிகிறது, கொஞ்சம் நெருடுகிறது. ‘உடனடி முறையீடு’ பரவாயில்லையா?