லெவல் 11-ல் டேங்க் மேல ஒரு அடியும் விழல, விஸார்ட் மேல எல்லாமே விழுது. என்ன செய்யலாம்?

ஐந்துரோடு_டிஎம்

டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) 5-ஆம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம், ஆட்டத்தை நடத்துறவன். நாலு பேர் பார்ட்டி, எல்லாரும் லெவல் 11. கதை நடக்கிற இடம் நம்ம சேர்வராயன் மலைதான். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறுற பாதை, காபித் தோட்டம், குகைக்கோயில் எல்லாம் மேப்பில் இருக்கு.

ஏசி (ஆர்மர் கிளாஸ், அடி பட எதிரி பகடையும் போனஸும் சேர்த்து எட்ட வேண்டிய எண்) கணக்கு: நம்ம டேங்க் ஃபைட்டர் 22 (பிளேட் 18, பிளஸ் ஒன் கேடயம் 3, டிஃபென்ஸ் ஸ்டைல் 1). கிளெரிக் 19. ரோக் 17. விஸார்ட் மேஜ் ஆர்மர் போட்டு 15. அந்த பிளேட் கஞ்சமலை இரும்பில் அடிச்சதுன்னு கதையிலேயே வந்தாச்சு. பிடுங்க மனசு வரல.

ஹில் ஜயன்ட் மாதிரி பிளஸ் 8-ல் அடிக்கிறதெல்லாம் ஃபைட்டரைத் தொடவே மாட்டேங்குது. அதனால மூணு வாரமா எல்லா மான்ஸ்டருக்கும் நாலு கூட்டி பிளஸ் 12 வெச்சிருக்கேன். இப்ப ஃபைட்டர் மேல சுமாரா விழுது. ஆனா விஸார்ட் (68 ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி) ரெண்டாவது ரவுண்டிலேயே தரையில் கிடக்கிறார். போன சண்டையில் இன்னொரு கூத்து. எதிரி மந்திரவாதி டாமினேட் பர்சன் (ஆளைத் தன் வசமாக்குற மந்திரம்) போட்டான், டிசி (தப்ப எட்ட வேண்டிய எண்) 16. ஃபைட்டர் சேவில் (தப்பிக்கப் போடுற பகடை) கோட்டை விட்டுட்டு நம்ம ஆட்களையே வெட்டித் தள்ளினார்.

லெவல் ஏற ஏற இது இன்னும் மோசமாகுமா? கேடயத்தைத் திரும்ப வாங்கிடலாமா?

(மே மாசம் சேலத்தில் ஏசி பத்தி வாயைத் திறந்தாலே மெக்கானிக் நம்பர் தர்றாங்க. இது அந்த ஏசி இல்லைங்க.)

சில்வர்_ஓக்

முதல் வேலையா அந்த நாலைக் கழிச்சிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

21-ஓட அட்டாக் போனஸைக் கூட்டி ஏசியைக் கழிச்சா, டி20-ல் (20 முகப் பகடை) எத்தனை முகம் அடியாகும்னு வந்துடும். பிளஸ் 8-க்கு ஃபைட்டர் மேல 7 முகம், அதாவது 35 சதவீதம். கிளெரிக் 50, ரோக் 60, விஸார்ட் 70. நீங்க வெச்ச பிளஸ் 12-ல் அதுவே 55, 70, 80, 90.

ரெண்டு ஜயன்ட் சேர்ந்து விஸார்டைப் பிடிச்சா ஆளுக்கு ரெண்டுன்னு நாலு வீச்சு. ஒரு அடிக்குச் சராசரி 18, நாலும் பட்டா 72. அவர்கிட்ட இருக்கிறது 68. நாலும் படுற வாய்ப்பு பிளஸ் 8-ல் 24 சதவீதம், பிளஸ் 12-ல் 66. ரெண்டாவது ரவுண்டில் விழறதுக்குக் காரணம் இதுதான். ஷீல்டு ஸ்பெல்லும் (கொஞ்ச நேரம் ஏசியை ஏத்துற மந்திரம்) இதில் அடிபடுது. முன்னாடி அது 70-ஐ 45-க்கு இறக்கிச்சு, இப்ப 90-லிருந்து 65-க்குத்தான் இறக்கும். மந்திரக் கையிருப்பில் ஒரு ஸ்லாட்டைச் செலவழிச்ச பிறகும் மூணு அடியில் ரெண்டு பட்டுடும்.

இந்த விதியில் ஏசி லெவலோட ஏறாது. 1500 பொன் கொடுத்து பிளேட் வாங்கியதோட கவசத்தின் கதை முடிஞ்சுது. மான்ஸ்டர் பக்கமும் ஏற்றம் கம்மிதான். டிஎம் புத்தக அட்டவணைப்படி சேலஞ்ச் (மான்ஸ்டர் எவ்வளவு கடினம்னு சொல்ற எண்) 1-க்கு பிளஸ் 3, 10-க்கு பிளஸ் 7, 20-க்கு பிளஸ் 10. ரவுண்டுக்கு டேமேஜ் மட்டும் 9–14-லிருந்து 123–140-க்குப் போகுது. ஏறுறது அடியின் கனம்தான், குறி இல்லை. அச்சான மான்ஸ்டர்களில் பலது அட்டவணையைத் தாண்டியும் இருக்கும். ஹில் ஜயன்ட் சேலஞ்ச் 5-தான், ஆனா பிளஸ் 8. நீங்க அதுக்கும் மேல நாலு வெச்சிருக்கீங்க.

கேடயத்தைப் பிடுங்காதீங்க. இனிமே எந்தப் பிளஸ் ஒன் யாருக்குப் போகுதுன்னு பாருங்க. 22 ஏசிக்காரருக்கு இன்னொரு புள்ளி கொடுத்தா 7 முகம் 6 ஆகும், அவர் வாங்குற அடியில் ஏழில் ஒரு பங்கு போச்சு. விஸார்டுக்குக் கொடுத்தா 14 முகம் 13 ஆகும், பதினாலில் ஒரு பங்குதான். உயரத்தில் இருக்கிறவருக்கு ஒவ்வொரு புள்ளியும் இரட்டிப்பா வேலை செய்யும். புதையலில் பிரேசர்ஸ் ஆஃப் டிஃபென்ஸ் போடுங்க. கவசமும் கேடயமும் இல்லாதவருக்குத்தான் அது பலன் தரும், மேஜ் ஆர்மரோட சேரும், விஸார்ட் 17-க்கு வந்துடுவார். ஃபைட்டர் கையில் அது சும்மா இரும்புக் காப்பு.

கொண்டைஊசி_20

ஏசி பத்திச் சொன்னதெல்லாம் சரி. ஆனா இவருக்கு நிஜத் தலைவலி ஏசி இல்லை. டாமினேட் பர்சன் வந்தப்பவே நோய் எதுன்னு தெரிஞ்சுபோச்சு.

ஆறு சேவில் ரெண்டுக்குத்தான் புரோஃபிஷியன்சி (லெவலோட ஏறுற போனஸ்). மத்த நாலும் முதல் லெவலில் எப்படியோ கடைசி வரைக்கும் அப்படியே. லெவல் 1-ல் பலமான சேவ் பிளஸ் 5, டிசி 13-க்கு 65 சதவீதம். லெவல் 17-ல் பிளஸ் 11, டிசி 19-க்கும் அதே 65. டாமினேட்டுக்கு விஸ்டம் சேவ். இப்ப விஸ்டம் 10 உள்ள ஃபைட்டரைப் பாருங்க: லெவல் 1-ல் 40 சதவீதம், லெவல் 17-ல் 10. டிசி 21 வந்தா பூஜ்யம். அடல்ட் ரெட் டிராகனின் நெருப்பு மூச்சுக்கு அதுதான் டிசி. டெக்ஸ் (சுறுசுறுப்பு) போனஸ் பூஜ்யமா இருக்கிற ஆள் 20 போட்டாலும் தப்ப முடியாது. 20 போட்டா தானா பாஸ் என்பது இந்தப் பதிப்பில் அட்டாக்குக்கு மட்டும்தான், சேவுக்கு இல்லை. இதைப் பல டேபிளில் தப்பா ஆடுறாங்க.

உங்க ஃபைட்டருக்கு டிசி 16-ல் வாய்ப்பு 25 சதவீதம். லெவல் 9-ல் வந்த இன்டாமிடபிள் கையில் இருந்தா மறுபடி போடலாம், அப்ப 44. போன சண்டையில் அதைப் போட்டாரான்னு கேளுங்க. பாதிப் பேர் மறந்துடுவாங்க.

செய்ய வேண்டியது: லெவல் 12-ல் அவருக்கு ஃபீட் (தேர்ந்தெடுக்கிற கூடுதல் திறமை) வருது. ரெசிலியன்ட் எடுத்து விஸ்டம் வைக்கச் சொல்லுங்க. டிசி 16-க்கு 45 ஆகும், லெவல் 17-ல் டிசி 19-க்கு 40 நிக்கும். அதுவரைக்கும் கிளெரிக் பிளெஸ் மந்திரம் போடட்டும், சேவுக்குச் சராசரியா ரெண்டரை கிடைக்கும். டாமினேட் பிடிச்சிட்டா அது கான்சென்ட்ரேஷன் ஸ்பெல், போட்டவனை அடிச்சுக் கலைக்கலாம். பிடிபட்டவர் மேல டேமேஜ் விழுற ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுசா ஒரு சேவ் உண்டு. ரோக் வில்லின் அடிக்கட்டையால லேசா ஒண்ணு வெச்சாலும் போதும்.

உங்க பக்கம் ஒரே கட்டுப்பாடுதான் நான் கேட்பேன். ஆளை ஆட்டத்திலிருந்து எடுத்துடுற எஃபெக்டுக்கு (ஸ்டன், பாரலைஸ், டாமினேட்) டிசி 15, 16-ஐத் தாண்டாதீங்க. பாதி டேமேஜ் மட்டும் போற எஃபெக்டுக்கு எவ்வளவு வேணா ஏத்துங்க. நெருப்பில் தோத்தா ஹெச்பி போகும், அடுத்த ரவுண்டில் மறுபடி ஆடலாம். பாரலைஸில் தோத்தா அந்தப் பிளேயர் அரை மணி நேரம் முறுக்கு தின்னுட்டு உட்கார்ந்திருக்கணும்.

ஐந்துரோடு_டிஎம்

இன்டாமிடபிளை மறந்துட்டார், இப்பதான் கேட்டேன். பிளஸ் 12-ஐ எடுத்துடறேன். ஆனா ஃபீட்டை இதுக்குச் செலவழிக்கணும்னா மூஞ்சியைத் தூக்குவார். எல்லாருக்கும் பலவீனமான சேவில் பாதி புரோஃபிஷியன்சி இலவசமா கொடுத்தா என்ன?

கஞ்சமலைக்_கொல்லன்

கொடுக்கலாம். இந்த இடைவெளி 5-ஆம் பதிப்போடு பிறந்ததல்ல. 3.5 பதிப்பில் லெவல் 20-ல் நல்ல சேவ் 12, மோசமான சேவ் 6. ஆறு புள்ளி வித்தியாசம், ஆனால் அங்கே 20 விழுந்தால் தப்பிக்கலாம்.

2008-இல் வந்த 4-ஆம் பதிப்பில் சேவுக்குப் பதிலாக இருந்த ஃபார்டிட்யூட், ரிஃப்ளெக்ஸ், வில் மூன்றும் ஏசியைப் போலவே நிலையான எண்கள். லெவல் 1-லிருந்து 30-க்குப் போவதற்குள் மான்ஸ்டரின் அட்டாக் 29 ஏறும். வீரனுக்கு லெவலில் பாதி 15, மந்திரப் பொருளில் 6, வளர்த்த திறனில் 4, ஆக 25. வளர்க்காத திறனில் 1 மட்டுமே, ஆக 22. ஏழு புள்ளி பின்தங்கல் என்றால் 35 சதவீதம். பிறகு ஃபீட்டுகளாக ஒட்டுப் போட்டார்கள். எல்லோரும் எடுத்தே தீர வேண்டிய ஃபீட், ஃபீட் இல்லை, வரி. ஆகவே நீங்கள் கேட்டபடி இலவசமாகக் கொடுப்பதே சரி. லெவல் 11-ல் 2, லெவல் 17-ல் 3. உங்கள் ஃபைட்டருக்கு டிசி 16-ல் 25 என்பது 35 ஆகும், இன்டாமிடபிளோடு 58.

பாத்ஃபைண்டர் 2 என்ற இன்னொரு விளையாட்டுக்கு மாறலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அங்கே லெவல் முழுதாகச் சேர்வதால் இந்தப் பிளவு இல்லை, ஆனால் வேறொரு பொறி உண்டு. கவச ரூன் (பொருளில் பொறிக்கும் மந்திரக் குறி) லெவல் 5, 11, 18-லும், சேவுக்கான ரூன் 8, 14, 20-லும் கையில் வந்திருக்க வேண்டும். ஏசியைவிட 10 அதிகம் போட்டால் கிரிட் (இரட்டை அடி) என்பதால், ரூன் ஒன்று தாமதமானால் சாதாரண அடியோடு கிரிட்டும் கூடும். புதையலை மறக்கும் டிஎம் என்றால் ஆட்டோமேட்டிக் போனஸ் புரோக்ரெஷன் என்ற மாற்று விதியைப் போட்டுவிடுவது நிம்மதி.

சில்வர்_ஓக்

பாதி புரோஃபிஷியன்சிக்கு ஒரு நிபந்தனை. ரெசிலியன்ட் எடுத்தா அந்த சேவுக்கு முழு புரோஃபிஷியன்சி வரும், பாதி போயிடும். ரெண்டையும் கூட்டக் கூடாது. இதை முதல்லயே சொல்லிடுங்க, இல்லைன்னா லெவல் 12-ல் பஞ்சாயத்து.

22 ஏசியை அடிக்க வழி கேட்டீங்களே. நிரந்தரமா நாலு கூட்டுறதுக்குப் பதிலா அட்வான்டேஜ் (ரெண்டு டி20 போட்டுப் பெரியதை எடுக்கிறது) சம்பாதிக்க வையுங்க. 35 சதவீதம் அட்வான்டேஜோட 58 ஆகும், நீங்க பிளஸ் 12-ல் எடுத்த 55-ஐவிட அதிகம். ஆனா அது ஒரு ஆள் மேல, ஒரு காரணத்தோட, பிளேயர் முறிக்கக்கூடிய மாதிரி வரும்.

உங்க மேப்பிலேயே சொல்றேன். ஏற்காடு ஏறுற 20 கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒண்ணு. மேல் வளைவில் ரெண்டு ஹில் ஜயன்ட், கீழே பார்ட்டி. கல் எறிஞ்சா பிளஸ் 8, சராசரி 21, 60 அடி வரைக்கும் சாதாரணமா, 240 வரைக்கும் டிஸட்வான்டேஜோட (ரெண்டில் சின்னதை எடுக்கிறது). கல்லுன்னா ஒரு முறைக்கு ஒண்ணுதான், தடின்னா ரெண்டு. ரோட்டோரம் காபிச்செடி அரை மறைப்பு, ஏசிக்கும் டெக்ஸ் சேவுக்கும் 2. மிளகுக்கொடி சுத்தின சில்வர் ஓக் மரம் முக்கால் மறைப்பு, 5. விஸார்ட் செடிக்குப் பின்னாடி போனா 70 என்பது 60, மரத்துக்குப் பின்னாடி 45, அங்கிருந்தே ஷீல்டு போட்டா 20. ஒரு மந்திரப் பொருளும் கொடுக்காம அவர் ஃபைட்டரைவிடப் பத்திரமா நிக்கிறார். எங்க நிக்கணும்னு அவரே தேர்ந்தெடுக்கணும், அவ்வளவுதான்.

ஃபைட்டர் ஏறி வந்து மோதட்டும். ஒரு ஜயன்ட் தன் முறையை முழுசாக் கொடுத்து அவரைத் தள்ளி விழ வைக்கப் பார்க்கும். ஜயன்ட்டுக்கு பிளஸ் 5, அவருக்கு அத்லெடிக்ஸ் பிளஸ் 9 இருக்கும்னு வெச்சா ஜெயிக்கிற வாய்ப்பு 30 சதவீதம். ஜெயிச்சா இன்னொண்ணு பக்கத்திலிருந்து அட்வான்டேஜோட ரெண்டு வீச்சு. இங்க ஒரு தப்பு நடக்கும்: கீழே கிடக்கிறவர் மேல தூரத்திலிருந்து கல் எறிஞ்சா டிஸட்வான்டேஜ். விழ வெச்ச பிறகு மத்தவங்களும் கிட்ட வரணும்.

ஹீட் மெட்டல் (உலோகத்தைச் சுட வைக்கிற மந்திரம்) இன்னொரு வழி. ரவுண்டுக்கு 2டி8 (எட்டு முகப் பகடை ரெண்டு) டேமேஜ், ஏசியே கேட்காது. பிளேட்டைக் கழட்ட அஞ்சு நிமிஷம் ஆகும், அதனால அட்டாக்கிலும் டிஸட்வான்டேஜ். மொத்தக் கதையிலும் ஒரு தடவை போடுங்க. ரெண்டாவது தடவை போட்டா அவர் கவசத்தைப் பார்த்து நீங்க கருவுறீங்கன்னு அர்த்தம்.

கொண்டைஊசி_20

ஒரு அட்டையில் நாலு பேர் பேரையும் எழுதி, ஒவ்வொருத்தருக்கும் ஏசியும் ஆறு சேவும் குறிச்சு ஸ்கிரீனுக்குப் பின்னாடி ஒட்டிக்குங்க. சண்டையைத் தயார் பண்றப்ப மான்ஸ்டருக்கு பகடையில் என்ன விழணும்னு பக்கத்திலேயே பென்சிலில் எழுதுங்க. 8-லிருந்து 15-க்குள்ள இருந்தா கை வைக்காதீங்க. டேங்குக்கு 16 வரைக்கும் போகலாம். சேவில் பிளேயருக்கு 17-க்கு மேல தேவைப்பட்டா அந்த எஃபெக்டை மட்டும் திரும்பப் பாருங்க. லெவல் 13-ல் புரோஃபிஷியன்சி 5 ஆகும், அப்ப அட்டையை அழிச்சு எழுதணும்.

இந்த அட்டையில் யங் ரெட் டிராகனை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. மூச்சு டிசி 17, சராசரி 56. விஸார்டுக்குத் தப்ப 30 சதவீதம், டெக்ஸ் பூஜ்யமான ஃபைட்டருக்கு 20. ரோக்குக்கு 65, இவேஷன் இருக்கிறதால பாஸானா ஒண்ணும் படாது. 68 ஹெச்பி விஸார்ட் சண்டை தொடங்குறப்ப முழுசா இருந்தா ஒரு மூச்சைத் தாங்குவார். வழியில் ஒரு கல் பட்டிருந்தா தாங்க மாட்டார்.

ஐந்துரோடு_டிஎம்

பாதி புரோஃபிஷியன்சி கொடுத்தாச்சு, கூட்டக் கூடாதுன்னும் சொல்லியாச்சு. கடைசியா ஒண்ணு: அடுத்த வாரம் புதுசா ஒரு பாலடின் சேர்றார், கரிஸ்மா 18. அவர் ஆரா (பக்கத்தில் நிக்கிறவங்களுக்கு உதவுற வட்டம்) எல்லா சேவுக்கும் 4 கூட்டுது. இதுவும் பாதியும் சேர்ந்தா ஓவரா ஆகுமா?

கஞ்சமலைக்_கொல்லன்

ஆகும். ஃபைட்டர் 55 சதவீதத்துக்கு வருவார், அது பரவாயில்லை. மற்றவர்களுடைய சுமாரான சேவ்களும் சேர்ந்து ஏறிவிடும். ஆராவுக்குள் நிற்கும்போது ஆரா, பாதி இரண்டில் எது பெரிதோ அது மட்டும் என்று வையுங்கள். ஃபைட்டருக்கு டிசி 16-ல் 45 கிடைக்கும்.

ஆரா இந்த லெவலில் 10 அடிதான், 18-ல்தான் 30 ஆகும். அதற்குள் ஐந்து பேரும் ஒண்டி நின்றால் 20 அடி ஆரம் கொண்ட ஒரே ஃபயர்பாலில் எல்லோரும் மாட்டுவார்கள். வளைவின் குறுகலான ரோட்டில் சிதறி நிற்கவும் இடமிருக்காது. மேப்பில் ரோட்டின் அகலத்தைக் குறைந்தது 15 அடி வையுங்கள்.