மின் பொறியியலா, மின்னணுப் பொறியியலா: எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: தென்றல்

பள்ளி இறுதி வகுப்பை முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நிலையில் இருக்கிறேன். மின் பொறியியல், மின்னணுப் பொறியியல் ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வரை தெளிவாக இருக்கிறது. அதற்கு மேல் தெளிவில்லை. இரண்டின் பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சுற்றுக் கோட்பாடு, மின்காந்தவியல், கணிதம் எனத் தொடக்கப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. தெரிந்தவர்களைக் கேட்டால், முதலாவதைப் படித்தால் துணை மின்நிலையத்தில் வேலை, இரண்டாவதைப் படித்தால் கடைசியில் மென்பொருள் வேலை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மின் வாகனங்களில் ஆர்வம் உண்டு. இரண்டு துறைகளின் சிந்தனை முறை உண்மையில் எந்த இடத்தில் பிரிகிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மாறுமின்

நான் மின்வலையமைப்புகளின் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றுபவன். ஆகவே என் பதில் சற்று ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். பிரியும் இடத்தைக் காட்ட, முதலாண்டிலேயே நீங்கள் படிக்கப்போகும் பெருமத் திறன் மாற்றத் தேற்றம் ஒன்றே போதும். மூலத்தின் உள்தடையும் சுமையின் தடையும் சமமாக இருக்கும்போது சுமைக்கு அதிகபட்சத் திறன் கிடைக்கும் என்கிறது அது. அந்த நிலையில், உண்டாகும் திறனில் சரிபாதி மூலத்துக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. ஆன்டெனாவிலிருந்து வரும் நலிந்த சைகையை இயன்றவரை முழுமையாகப் பெருக்கிக்குக் கொண்டுசேர்க்க நினைக்கும் மின்னணுப் பொறியாளர் இந்த இழப்பைப் பொருட்படுத்துவதே இல்லை. மின் நிலையத்தை வடிவமைப்பவர் அப்படிச் செய்தால் மின்னாக்கியே எரிந்துபோகும். பெரிய மின்மாற்றிகளின் பயனுறுதிறன் 99 விழுக்காட்டை ஒட்டியிருப்பதற்கும், அதற்கு மேல் ஒரு சிறு பின்னத்துக்காக நாங்கள் போராடுவதற்கும் காரணம், எங்களுக்கு மின்சாரம் முதன்மையாக ஆற்றல் என்பதுதான். அவர்களுக்கு அது முதன்மையாகச் செய்தி.

துணை மின்நிலைய வேலை என்று இதைச் சுருக்கிவிடுவதையும் ஏற்க மாட்டேன். 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் ஒரு சுற்று முடிய 20 மில்லிநொடி ஆகிறது. பழுது ஏற்பட்டதா, எந்தப் பகுதியைத் துண்டிப்பது என்பதை, பழுதைக் கண்டறியும் கருவியான பாதுகாப்பு ரிலே அப்படிப்பட்ட ஓரிரு சுற்றுகளுக்குள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பெரிய மின்னாக்கிகளின் சுழலும் எடை இதுவரை அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடித்து வந்தது. சூரிய மின்பலகைகளும் மின்கலத் தொகுதிகளும், நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் வழியாக இணைவதால் அந்த நிலைமம் குறைந்துகொண்டே போகிறது. அதைக் கட்டுப்பாட்டு வழிமுறைகளால் ஈடுசெய்வது இன்று இத்துறையில் மிகுந்த உழைப்பு செலவாகும் சிக்கல்களுள் ஒன்று.

மறுமொழி: அலைக்கற்றை

மேலே உள்ள விளக்கம் பெரும்பாலும் சரி என்றாலும், ஆற்றல், செய்தி என்ற பிரிப்பு கொஞ்சம் வசதிக்காகச் செய்யப்பட்டது என்று தோன்றுகிறது. சக்திவாய்ந்த கணினிச் செயலிகள் சுமார் 1 வோல்ட்டில் 100 ஆம்பியருக்கும் மேல் இழுப்பதுண்டு. அந்த வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பதே சில்லு வடிவமைப்பாளர்களின் பெருங்கவலை.

நான் அலைநீளத்தை வைத்துப் பிரிப்பேன். கம்பியின் நீளம் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவுக்கு வரும்போதுதான் மின்சாரத்தை அலையாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அலைநீளம் 6000 கிலோமீட்டர். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 12.5 சென்டிமீட்டர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மின்கடத்தல் தடங்களில் மட்டுமே மாறுமின் அவர்களின் துறையினர் எதிர்கொள்ளும் அலைச் சமன்பாட்டை, நாங்கள் சில சென்டிமீட்டர் நீளமுள்ள செம்புப் பாதையிலேயே எதிர்கொள்கிறோம். வளைவை மாற்றினாலும் பக்கத்துப் பாதையை நெருக்கினாலும் சுற்றின் நடத்தையே மாறிவிடும். கூடவே இரைச்சல் எப்போதும் இருக்கும் என்பதால், நிகழ்தகவுக் கணிதம் உங்களுக்குப் பிடித்தாக வேண்டும். கலப்பெண்களும் காந்தப்புலமும் சுழலும் பொருள்களும்தான் உங்களைக் கவர்கின்றன என்றால் மின் பொறியியலே உங்களுக்கு இயல்பாக வரும்.

மென்பொருள் வேலைக்குப் பலர் போவது உண்மைதான். அதை இந்தப் படிப்பின் தலையெழுத்தாகக் கருத வேண்டியதில்லை.

மறுமொழி: கரும்பலகை

பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயரில் உள்ள படிப்பு இரு கல்லூரிகளில் இரு வேறு படிப்புகளாக இருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்து ஒரே பட்டமாகத் தருபவர்களும் உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளின் விருப்பப் பாடங்களையும், முதலாண்டு முடிவில் துறை மாற அனுமதி உண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தென்றல்

அனைவருக்கும் நன்றி. அலைநீள விளக்கம் பெரிதும் தெளிவைத் தந்தது. மின் வாகனத்தைப் பொறுத்தவரை எந்தப் பக்கம் சாய்வது என்பதையும் சொன்னால் நல்லது.

மறுமொழி: மாறுமின்

பெரும்பாலான மின் கார்களில் சில நூறு வோல்ட் நேர்மின்சாரத்தைத் தரும் மின்கலத் தொகுதி இருக்கிறது. நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் டிரான்சிஸ்டர்களைக் கொண்ட இன்வெர்ட்டர் அதை மும்முனை மாறுமின்சாரமாக்கி மோட்டாருக்குத் தருகிறது. மோட்டாரும் அதன் கட்டுப்பாடும் மின் பொறியியலைச் சேர்ந்தவை. ஒவ்வொரு மின்கலத்தின் மின்னழுத்தத்தையும் சில மில்லிவோல்ட் துல்லியத்தில் அளக்கும் சுற்று மின்னணுவியலைச் சேர்ந்தது. இன்வெர்ட்டர் இரண்டுக்கும் நடுவில், திறன் மின்னணுவியல் என்ற பெயரில் நிற்கிறது.

வாகனத்தை ஓடச் செய்யும் பகுதியே உங்கள் ஆர்வம் என்றால், மின் பொறியியலில் சேர்ந்து, திறன் மின்னணுவியலையும் கட்டுப்பாட்டியலையும் விருப்பப் பாடங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். நுண்கட்டுப்படுத்திகள் எனப்படும் சிறு கணினிச் சில்லுகளை வீட்டிலேயே ஆபத்தின்றிப் பழகிக்கொள்ளலாம். 400 வோல்ட்டில் ஓடும் மோட்டாரை மேற்பார்வையுள்ள ஆய்வகத்தில்தான் பழக வேண்டும்.

மறுமொழி: அலைக்கற்றை

இதை ஏற்கிறேன், ஒரு விலக்குடன். வாகனத்தின் கண்களாக இருக்கும் ரேடாரில் உங்களுக்கு ஆர்வம் பிறந்தால் மின்னணுப் பொறியியலையே எடுங்கள். அது 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. அலைநீளம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதை அளக்கும் கருவிகளையும் வீட்டில் வைத்துப் பழக முடியாது.