6என்2பி வால்வில் ஹீட்டர் எரியவில்லை; ரஷ்ய டேட்டாஷீட்டில் மின்வாய்ப் பெயர்களும் குழப்புகின்றன. உதவி தேவை

சால்டர்புகை:
வணக்கம். 12ஏஎக்ஸ்7 வால்வுக்காக, அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்க்காகப் போட்ட ப்ரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும்) போர்டு ஒன்று கையில் இருக்கிறது. அந்த வால்வு விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை. அதே இடத்தில் அப்படியே செருகலாம் என்று ஒருவர் சொன்னதால் சோவியத் வால்வு ஒரு ஜோடி வாங்கினேன். மேலே 6, ஆங்கில எச் மாதிரி ஓர் எழுத்து, 2, அப்புறம் கணக்கில் வரும் பை மாதிரி ஒன்று. சுவிட்ச் போட்டால் ஹீட்டர் எரியவே இல்லை, இரண்டிலும். டிரான்ஸ்ஃபார்மரில் 6.3 வோல்ட் ஏசி வருகிறது. சாக்கெட்டில் 4, 5 இரண்டும் சேர்ந்து ஒரு வயர், 9-க்கு இன்னொரு வயர்.

டேட்டாஷீட்டில் 9-வது பின்னுக்கு 'எக்ரான்' என்று இருக்கிறது. அகராதி ஸ்கிரீன் என்கிறது. அதற்கு ஹைவோல்டேஜ் கொடுக்க வேண்டுமா? படத்தில் கிரிட் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) இருக்கும் இடத்தில் சி என்று போட்டிருக்கிறதே, சி என்றால் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் மின்வாய்) தானே, அது அங்கே எப்படி வரும்?

பழையரேடியோ:
முதலில், 9-க்கு ஹைவோல்டேஜ் கொடுத்துவிடாதீர்கள். வால்வு செத்திருக்காது.

12ஏஎக்ஸ்7-இல் ஹீட்டரின் நடு முனை 9-க்கு வரும். அதனால்தான் 4, 5-ஐச் சேர்த்து 6.3 வோல்ட்டில் ஓட்ட முடிகிறது. 6என்2பி-யில் அந்த நடு முனையே கிடையாது. ஹீட்டர் 4-க்கும் 5-க்கும் நடுவில் மட்டும்தான். உங்கள் போர்டு அந்த இரண்டையும் ஷார்ட் செய்து வைத்திருக்கிறது, பிறகு எங்கே கரண்ட் ஓடும்? 12.6 வோல்ட் வயரிங் உள்ள போர்டாக இருந்திருந்தால் ஹீட்டர் எரிந்தே போயிருக்கும். வால்வைக் கழற்றி 4-5 ஓம் பாருங்கள். குளிர்ந்த நிலையில் சில ஓம் காட்ட வேண்டும்.

எக்ரான் என்பது இங்கே வால்வுக்குள் இருக்கும் இரண்டு ட்ரையோடுகளுக்கும் (மூன்று மின்வாய் கொண்ட பெருக்கிகள்) நடுவில் நிற்கும் உலோகத் தடுப்பு. ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்குப் போகாமல் இருக்கத்தான் அது. கிரவுண்டில் கொடுங்கள். பென்டோடில் (ஐந்து மின்வாய் கொண்ட வால்வு) வரும் ஸ்கிரீன் கிரிட் வேறு. அதற்கு ரஷ்யத்தில் 'எக்ரானிருயுஷ்சயா செத்கா' என்று நீளமான பெயர். அது 6பி14பி-யில், அதாவது இஎல்84-க்கு இணையான அவுட்புட் வால்வில், 9-வது பின்னிலேயே வருகிறது, ஹைவோல்டேஜோடு. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் ஆபத்துதான்.

நீங்கள் சி என்று படித்தது ரஷ்ய எஸ். செத்கா, அதாவது வலை, கிரிட். கேத்தோடு அவர்களுக்கு 'கதோத்', எழுத்து கே. ஆனோடு 'அனோத்', எழுத்து ஏ. அமெரிக்கப் படங்களில் இதே ஆனோடைப் பிளேட் என்பார்கள், பி என்று குறிப்பார்கள். ஹீட்டர் 'பதக்ரெவாதெல்'. வால்வின் பெயரிலும் அப்படித்தான்: எச் மாதிரி இருப்பது என், இரட்டை ட்ரையோடு. கடைசியில் இருக்கும் பை மாதிரி எழுத்து ரஷ்ய பி, சிறிய கண்ணாடி உடல் என்று பொருள்.

கிரிட்கசிவு:
இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கேபி303 எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) படத்திலும் ஒரு சி இருக்கிறது. அதுவும் கிரிட் மாதிரி கேட்டா?

பழையரேடியோ:
இல்லை தம்பி, அது 'ஸ்தோக்', டிரெயின். சோர்ஸ் 'இஸ்தோக்', கேட் 'ஜத்வோர்'. சாதாரண டிரான்சிஸ்டரில் இந்தத் தொல்லை இல்லை: எமித்தெர், பாஸா, கொலெக்தொர். ஆனால் கேடி315 டிரான்சிஸ்டரில் பின் வரிசை எமிட்டர், கலெக்டர், பேஸ். நடுவில் இருப்பது பேஸ் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

சால்டர்புகை:
4-5 நடுவில் 3 ஓம் சுற்றிக் காட்டுகிறது, இரண்டிலும். டிராக்கை வெட்டி 4-க்கும் 5-க்கும் தனித்தனி வயர், 9 கிரவுண்ட். எரிகிறது! சத்தமும் வருகிறது. ஒரு கேள்வி: இரண்டாம் பாதி கேத்தோடு ஃபாலோயர் (கேத்தோடிலிருந்தே சிக்னலை எடுக்கும் சுற்று), அங்கே கேத்தோடில் 150 வோல்ட் இருக்கிறது. பரவாயில்லையா?

பழையரேடியோ:
பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 6என்2பி-யில் கேத்தோடுக்கும் ஹீட்டருக்கும் இடையே 100 வோல்ட்தான் எல்லை, 12ஏஎக்ஸ்7-இல் 180. உங்கள் போர்டு அந்த 180-ஐ நம்பிப் போட்டது. இப்போது ஓடும், ஒரு நாள் ஹம் (உறுமல் சத்தம்) ஏறும், அப்புறம் இன்சுலேஷன் போகும்.

ஹீட்டர் சப்ளையைக் கிரவுண்டிலிருந்து பிரித்து, ஹைவோல்டேஜிலிருந்து இரண்டு ரெசிஸ்டர் போட்டு 70 வோல்ட் எடுத்து அதன் மேல் மிதக்க விடுங்கள், அதாவது ஹீட்டர் சப்ளையைக் கிரவுண்டுக்குப் பதில் அந்த 70 வோல்ட்டோடு இணையுங்கள். கீழ் ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு கெபாசிட்டர். இரண்டாம் கேத்தோடுக்கு 80 வோல்ட் வித்தியாசம், முதல் கேத்தோடுக்கு 70-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் எல்லைக்குள். ஹீட்டர் வைண்டிங்கின் நடு முனை ஏற்கெனவே கிரவுண்டில் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும், மறக்காதீர்கள். கை வைப்பதற்கு முன் ஃபில்டர் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

சால்டர்புகை:
நடு முனை கிரவுண்டில்தான் இருக்கிறது சார். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு அளந்து சொல்கிறேன்.