கம்பிச் சில்லு பாரத்தைத் தாங்குவது எப்படி? பின்சில்லுக் கம்பிகள் ஏன் அறுகின்றன?

படுவான்கரை எழுதியது:

எங்கள் வயல் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிறது. அப்பப்பா பாவித்த பழைய இங்கிலாந்துச் சைக்கிளின் கரியரில் நெல் மூட்டையை ஏற்றி, வாய்க்கால் கட்டு வழியாக வீட்டுக்குக் கொண்டுவருவது என் வழக்கம். இந்தப் போகத்துக்குள் பின்சில்லில் 3 கம்பிகள் அறுந்துவிட்டன. மூன்றும் சில்லின் நடுக்குடமான ஹப்பில் கொழுவும் வளைவிலேயே அறுந்தன. முதலில் அறுந்த இடத்தில் தடித்த கம்பியைப் போட்டேன், ஆனால் அதற்கு அடுத்த கம்பி அறுந்தது. மாட்டு வண்டில் சில்லின் ஆரக்கால்கள் மணிக்கட்டளவு பருமனாக இருக்க, 2 மில்லிமீற்றர் கம்பிகள் மூட்டையையும் என்னையும் எப்படித் தாங்குகின்றன? முன்சில்லில் 32 கம்பிகளும் பின்சில்லில் 40 கம்பிகளும் இருப்பதற்குக் காரணம் உண்டா?

கல்முனைப் பட்டறை எழுதியது:

தம்பி, வண்டில் சில்லில் குடத்துக்குக் கீழே வரும் ஆரக்கால் தூணைப் போல அமுக்கத்தைத் தாங்குகிறது. அதனால் அது பருமனாக இருந்தே ஆக வேண்டும். மெல்லிய கம்பியை அமுக்கினால் வளைந்துவிடும், ஆனால் இழுத்தால் அது மிகுந்த பலம் காட்டும். பறக்கும் பொறிக்கு இலேசான சில்லு தேடிய இங்கிலாந்தின் ஜோர்ஜ் கெய்லி, 1808இலேயே இந்த எண்ணத்தை எழுதி வைத்தார். பாரிஸில் இயூஜென் மேயர் 1869இல் சைக்கிளுக்கான கம்பிச் சில்லுக்கு ஆக்கவுரிமை பெற்றார். அக்காலத்துச் சைக்கிளில் சங்கிலி இல்லை. மிதிகட்டை முன்சில்லிலேயே பொருத்தப்பட்டிருந்ததால், ஒரு மிதிக்குக் கூடிய தூரம் போக வேண்டுமானால் சில்லைப் பெரிதாக்குவதே வழியாக இருந்தது, மரச்சில்லில் அந்த அளவுக்குப் போனால் பாரம் தாங்க முடியாததாகிவிடும். ஆளுயரத்துக்கு எழுந்த அந்தச் சில்லுகளைக் கம்பிதான் சாத்தியமாக்கியது.

கொவென்ட்ரியின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் செய்த மாற்றத்தை நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். ஹப்பின் நடுவிலிருந்து நேரே வெளிவளையமான ரிம்முக்குப் போகும் கம்பிகளால் மிதியின் முறுக்கை நன்றாகக் கடத்த முடியாது. ஹப் சற்றுத் திரும்பிய பிறகே அவை இழுக்கத் தொடங்கும். அவரோ கம்பிகளை ஹப்பின் விளிம்பைத் தொட்டுச் சாய்வாகச் செல்லும்படி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டுமாறு கொழுவினார். உங்கள் சைக்கிளில் இருப்பதும் அதே பின்னல்தான். பாரத்தைப் பொறுத்தவரை, ஹப் மேற்கம்பிகளில் தொங்குகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வாவிக்கரை ஆசிரியர் எழுதியது:

பட்டறை நானா சொன்ன வரலாற்றோடு உடன்படுகிறேன். தொங்குகிறது என்ற விளக்கத்தை மட்டும் திருத்த விரும்புகிறேன். சைக்கிளில் ஒருவரை அமரச் செய்து கம்பிகளைச் சுண்டிப் பாருங்கள். நிலத்துக்கு அருகில் உள்ள சில கம்பிகளின் ஒலி தாழும்; மேற்கம்பிகளின் ஒலி ஏறக்குறைய மாறாது. நன்றாக இறுக்கிய சில்லில் ஒவ்வொரு கம்பியும் 100 கிலோ எடையை அண்டிய விசையோடு ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. பாரம் ஏறும்போது கீழ்க்கம்பிகள் அந்த இழுவிசையில் ஒரு பகுதியை இழக்கின்றன, அந்த இழப்பே பாரத்தைத் தாங்குவதற்குச் சமமாகிறது. முன்கூட்டியே இழுத்து வைத்ததால்தான் கம்பியும் தூண் செய்யும் வேலையைச் செய்கிறது.

உங்கள் கம்பிகள் அறுவதன் காரணமும் இதிலேயே இருக்கிறது. இறுக்கம் குறைந்திருந்தால் கீழே வரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுதாகத் தொய்ந்து மறுபடி இழுபடும். அதன் அசைவு ஹப்பின் வளைவில் குவிவதால், கம்பியை அங்குமிங்கும் மடக்கி முறிப்பதைப் போல அந்த இடம் நாளடைவில் வெடித்துவிடும். தடித்த கம்பி குறைவாகவே நீளும் என்பதால் அது இன்னும் விரைவாகத் தொய்யும்.

கல்முனைப் பட்டறை எழுதியது:

ஆசிரியரின் திருத்தத்தை ஏற்கிறேன்; பழுதுபார்க்கும் என் கைக்கும் அதுவே சரியாகப் படுகிறது. தம்பி, ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, ஏனெனில் மற்றவையும் அதே அளவு களைத்திருக்கும். 40 கம்பிகளையும் ஒரே பருமனில் புதிதாகப் போடுங்கள். கடற்காற்றில், கம்பியை ரிம்மில் பூட்டும் சிறு மரையான நிப்பிளின் புரி துருவேறும் என்பதால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு முறைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, சில்லைப் பலமுறை சுற்றிவந்து இறுக்குங்கள். பிறகு அருகருகே சமாந்தரமாகச் செல்லும் இரண்டிரண்டு கம்பிகளைக் கையால் பலமாக அமுக்கினால் வளைவுகள் ஹப்பில் நன்றாகப் படியும். நிப்பிளைத் தாண்டி நீட்டும் முனைகளை அரத்தால் அராவிவிடுங்கள், இல்லாவிட்டால் டியூப் ஓட்டையாகும்.

32, 40 என்ற கணக்கு இங்கிலாந்துச் சைக்கிள்களில் வழமையாக இருந்தது. ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதியும் மிதியின் முறுக்கும் பின்சில்லுக்கே போகின்றன; உங்கள் மூட்டையும் அங்கேதான் ஏறுகிறது.

படுவான்கரை எழுதியது:

தம்பியை ஏற்றிவிட்டுச் சுண்டிப் பார்த்தேன். கீழ்க்கம்பிகள் தொய்ந்து ஒலியே எழுப்பவில்லை. முன்சில்லில் அப்படி இல்லை. அறுவடை முடிந்ததும் 40 கம்பிகளையும் வாங்கிக்கொண்டு கல்முனைக்கு வருகிறேன், நானா. நீங்கள் இறுக்கும்போது அருகில் இருந்து பழக விரும்புகிறேன்.