ஜாவாஸ்கிரிப்டின் 'திஸ்': 'வினைமுதல்' என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் கலைச்சொற்களைத் தமிழாக்கும் உரையாடலில், 'ஸ்கோப்' (ஒரு மாறி செல்லுபடியாகும் நிரற்பகுதி) என்பதற்கு 'வீச்சு' வேண்டாம் என்பதே என் கருத்தும். புள்ளியியலிலும் இயற்பியலிலும் அச்சொல் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது, 'வரையெல்லை' போதும். ஆனால் 'திஸ்' (ஒரு செயற்கூறு, அதாவது அழைக்கும்போது இயங்கும் நிரல்துண்டு, எந்தப் பொருளின் சார்பில் இயங்குகிறதோ அதைக் குறிக்கும் சொல்) சுட்டும் பொருளையும் அதே சொல்லில் அடக்கிவிடலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை.

மூன்று பொத்தான்களுக்கு ஒரே மடக்கில் (திரும்பத் திரும்ப இயங்கும் நிரற்பகுதியில்) சொடுக்கு நிகழ்வை இணைப்பதாகக் கொள்வோம். சொடுக்கியதும் இயங்கும் செயற்கூறான கையாளி, மடக்கின் எண்ணியைக் காட்ட வேண்டும். அந்த எண்ணி 'வார்' என்ற அறிவிப்புச் சொல் கொண்டு அறிவிக்கப்பட்டு 0-இல் தொடங்கினால், எந்தப் பொத்தானைச் சொடுக்கினாலும் 3 என்றே காட்டும். மாறியின் வரையெல்லை செயற்கூறு முழுவதும் ஆகையால் மூன்று கையாளிகளும் ஒரே மாறியைப் பகிர்ந்துகொள்கின்றன. 2015-இல் வந்த 'லெட்' அறிவிப்புச் சொல் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி தந்து இதைத் தீர்த்தது. இது வரையெல்லைச் சிக்கல். நிரலைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம்.

'திஸ்' அப்படியன்று. நிகழ்வுக்குக் கையாளியை இணைக்கும் பொதுமுறையான 'ஆட்ஈவன்ட்லிசனர்' வழியே இணைத்த சாதாரணச் செயற்கூற்றில் அது பொத்தானைச் சுட்டும். அதே செயற்கூற்றை இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பழைய 'அட்டாச்ஈவன்ட்' வழியே இணைத்தபோது உலாவிச் சாளரத்தைக் குறிக்கும் 'விண்டோ'வைச் சுட்டியது. செயற்கூற்றில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அழைக்கப்பட்ட விதம்தான் மாறியது. 2011-இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு பொதுமுறையை ஏற்றது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்காக மூலச் செயற்கூற்றைத் தனக்குள் வைத்து அழைக்கும் உறைச் செயற்கூறு ஒன்றை எழுதித்தான் இவ்வேறுபாட்டைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

ஆகவே 'வினைமுதல்' என்று முன்மொழிகிறேன். ஒரு வினை எந்தத் தொடரில் அமைகிறதோ அதற்கேற்பவே அதன் வினைமுதல் அமையும். 'திஸ்' நடந்துகொள்வதும் அவ்வாறே.

சொடுக்கப்படும் பொத்தான் செயப்படுபொருள் அல்லவா என்ற மறுப்பு எழக்கூடும். சொடுக்குதல் என்ற வினைக்கு அது சரியே. ஆனால் நாம் பெயரிடுவது அதன்பின் இயங்கும் செயற்கூற்றின் வினைமுதலுக்கு. பொத்தானுக்குள் ஒரு சிறு படம் இருந்து, சொடுக்கு அப்படத்தின்மேல் விழுந்தால், நிகழ்வின் 'டார்கெட்' படத்தைச் சுட்டும், 'திஸ்' கையாளி இணைக்கப்பட்ட பொத்தானையே சுட்டும். முன்னதற்கு 'இலக்கு' ஏற்கெனவே பொருந்துகிறது. பின்னதற்குத்தான் சொல் இல்லை.

அம்புச் செயற்கூறு ('=>' குறியால் எழுதப்படும் சுருக்க வடிவம்) இதற்கு நல்ல சோதனை. அதற்குச் சொந்த வினைமுதல் கிடையாது. தன்னைச் சூழ்ந்த வரையெல்லையிலிருந்தே அதைப் பெறுகிறது. 'ஸ்கோப்', 'திஸ்' இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் இவ்விதியைத் தமிழில் எழுதவே வழியிராது.