மெதுவாக இழுத்தால் கார்டு படிக்கவில்லை, ஹார்ட் டிஸ்க் ஹெட் போட்டால் சரியாகுமா?

திருகாணி:
வணக்கம். பழைய கேசட் பிளேயரிலிருந்து கழற்றிய ஹெட்டை வைத்து காந்தப் பட்டை கார்டு படிக்கும் கருவி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் (படிப்பது என்னுடைய காலாவதியான உறுப்பினர் அட்டையைத்தான், பயப்பட வேண்டாம்). ஹெட்டிலிருந்து வருவதை ஆப்-ஆம்ப்பில் 200 மடங்கு பெருக்கி, கம்பேரேட்டர் (வோல்டேஜ் ஒரு கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் சுற்று) வழியாக மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுக்கிறேன். சர்ரென்று இழுத்தால் எண்கள் பிசகாமல் வருகின்றன. நிதானமாக இழுத்தால் ஒன்றும் வருவதில்லை, வந்தாலும் பாதியில் அறுந்துவிடுகிறது. பட்டையில் இருப்பது அதே தகவல்தானே, மெதுவாகப் போனால் இன்னும் நன்றாக அல்லவா தெரிய வேண்டும்?

வீட்டில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடக்கிறது. அதன் ஹெட் இதைவிட எவ்வளவோ நுட்பமானது என்கிறார்கள். கழற்றி மாட்டினால் வேலை செய்யுமா?

செம்புச்சுருள்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். கேசட் ஹெட்டுக்குள் இருப்பது ஒரு காயில். காயிலுக்குக் காந்தம் தெரியாது, காந்தம் மாறுவதுதான் தெரியும். கார்டை ஹெட்டின் மேல் அசையாமல் வைத்துப் பாருங்கள், பட்டையில் எவ்வளவு எழுதியிருந்தாலும் வோல்டேஜ் பூஜ்யம். வேகம் பாதியானால் சிக்னலும் பாதி, அவ்வளவுதான் ஃபாரடே விதி.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். எண்கள் இருக்கும் இரண்டாவது டிராக்கில் அங்குலத்துக்கு 75 பிட், அதாவது மில்லிமீட்டருக்கு மூன்று. நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில் இழுத்தால் நொடிக்கு 1500 பிட் போல வரும். 5 செ.மீ. வேகத்தில் 150தான், சிக்னலும் பத்தில் ஒரு பங்கு. எல்லாம் '0' ஆக இருக்கும் இடத்தில் அலை 75 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், கரண்ட் லைனின் 50, 60 ஹெர்ட்ஸ் உறுமலுக்குப் பக்கத்து வீடு. உங்கள் கம்பேரேட்டர் எந்த வோல்டேஜில் மாறும்படி வைத்திருக்கிறீர்கள்? ஒரே அளவில் நிறுத்தி வைத்திருந்தால், மெதுவாக இழுக்கும்போது சிகரங்கள் அந்தக் கோட்டைத் தொடாமலே போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கார்டில் எழுதும் முறைக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் காந்தத் திசை ஒரு முறை திரும்பும், '1' என்றால் நடுவில் இன்னொரு முறையும் திரும்பும். முந்தைய இடைவெளியோடு ஒப்பிட்டாலே போதும், கை வேகம் கூடினாலும் குறைந்தாலும் படித்துவிடலாம். அடி வாங்குவது ஹெட்தான்.

நுண்ணோக்கி:
ஹார்ட் டிஸ்க் யோசனையை விட்டுவிடுங்கள். ஆனால் ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இப்போதைய டிஸ்க்கில் எழுதுவதற்குத்தான் காயில். படிப்பது தனியாக இருக்கும் ஒரு மெல்லிய படலம், காந்தப் புலம் பட்டால் அதன் மின்தடை மாறும். அதன் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், தடை மாறினால் வோல்டேஜ் மாறும். இது புலத்தையே பார்ப்பதால், வேகம் குறைந்தாலும் சிக்னல் சுருங்காது. இரும்பிலும் நிக்கலிலும் இந்த விளைவை 1857-லேயே சொன்னவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. மாற்றம் இரண்டு மூன்று சதவீதம்தான். அதை வைத்தே 1991-இல் ஐபிஎம் டிஸ்க் கொண்டுவந்தது. 1988-இல் ஃபெர்ட்டும் க்ரூன்பெர்க்கும் தனித்தனியாக, அணு அளவு மெல்லிய அடுக்குகளில் இதைவிடப் பல மடங்கு பெரிய மாற்றத்தைக் கண்டார்கள். 1997-இல் அது டிஸ்க் ஹெட்டாக வந்துவிட்டது, அவர்களுக்கு நோபல் 2007-இல்தான். ஆய்வகத்திலிருந்து கடைக்கு ஒன்பதே வருடம் என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயம்.

சரி, உங்கள் கார்டுக்கு வருவோம். அந்தப் படலத்தின் அகலம் சில பத்து நானோமீட்டர், உங்கள் டிராக்கின் அகலம் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர். அதோடு அந்த ஹெட் சுழலும் தட்டின் மேல் காற்றில், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும்படி செய்யப்பட்டது. கார்டு பிளாஸ்டிக்கில் அதைத் தேய்ப்பது ரம்பத்தால் கண்ணாடி துடைப்பது மாதிரி. விரலில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்சாரமே அதைக் கொன்றுவிடும், ஸ்க்ரூடிரைவர் எடுக்கும்போதே பாதி ஆயுள் போயிருக்கும்.

இன்னொன்று. கேசட் ஹெட்டுக்குக் காந்தம் நீக்கும் கருவி காட்டுவார்களே, அதை இந்த வகை ஹெட் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

செம்புச்சுருள்:
கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. நான் ஒன்றை அப்படித்தான் பாழாக்கினேன்.

ஒலிநாடா:
எல்லோரும் வேகத்தையே பேசுகிறீர்கள். எனக்கென்னவோ ஹெட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மேல்தான் சந்தேகம். 1951-இல் வாலஸ் என்ற பொறியாளர் எழுதிய கணக்கு இன்றைக்கும் பொருந்தும்: ஓர் அலைநீளத் தூரம் விலகினால் சுமார் 55 டெசிபல் இழப்பு. உங்கள் பட்டையில் '1'-கள் இருக்கும் இடத்தில் அலைநீளம் 0.34 மி.மீ. நடுவில் செலோடேப் ஒரு சுற்று ஒட்டியது போல 0.05 மி.மீ. வந்தாலே 8 டெசிபல் போச்சு, கையில் மிஞ்சுவது நாற்பது சதவீதம். வேகமாக இழுக்கும்போது தெம்பு இருப்பதால் இந்த இழப்பு வெளியே தெரிவதில்லை. ஹெட்டை எதில் பொருத்தியிருக்கிறீர்கள்? ஸ்பிரிங் இருக்கிறதா, பசை போட்டு ஒட்டிவிட்டீர்களா?

ஒரு யோசனையும் உண்டு. டேப் ரெக்கார்டர் ப்ரீஆம்ப்பில் தாழ்ந்த அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுப்பார்கள், காயிலின் இதே குறையை ஈடுகட்டத்தான். அதே மாதிரி ஓர் இன்டக்ரேட்டர் (தாழ்ந்த அதிர்வெண்ணை அதிகம் பெருக்கும் சுற்று) போட்டால் மெதுவானாலும் அளவு குறையாது.

செம்புச்சுருள்:
இடைவெளி பற்றிச் சொன்னது சரி, எனக்குத் தோன்றவில்லை. இன்டக்ரேட்டர் மட்டும் வேண்டாம், சிக்னலோடு சேர்த்து உறுமலையும் தூக்கும். அதற்குப் பதில் கம்பேரேட்டர் கோட்டைச் சிகரத்தின் உயரத்தோடு ஏறி இறங்கும்படி செய்யுங்கள், அதில் பாதி என்று வைத்தால் போதும். முடிந்தால் சிகரத்தையே கண்டுபிடியுங்கள், திசை திரும்பும் இடம் சரியாக அங்கேதான் இருக்கிறது.

திருகாணி:
பசைதான். சூடான பசை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கழற்றிப் பார்த்தால் ஹெட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, கார்டு அதன் ஒரு ஓரத்தைத்தான் உரசிக்கொண்டு போயிருக்கிறது. முகத்தில் பழுப்பாக ஒரு படிவு வேறு. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, மெல்லிய தகட்டை ஸ்பிரிங்காக வளைத்து அதில் மாட்டினேன். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் டிராக்கின் நடுவுக்கு வந்துவிட்டது. ஸ்கோப்பில் (அலையை வரைந்து காட்டும் கருவி) சிகரங்கள் முன்பைவிட இரண்டரை மடங்கு உயரம், ஒலிநாடா சொன்ன கணக்கு அப்படியே. கம்பேரேட்டரில் இன்னும் கை வைக்கவில்லை, அதற்குள்ளேயே நிதானமாக இழுத்தாலும் பத்தில் எட்டு முறை படிக்கிறது.

மீதி இரண்டு முறையும் முதல் சில எண்கள்தான் தவறுகின்றன. கை அசையத் தொடங்கும் இடம் அது, அங்கே வேகம் இன்னும் ஏறியிருக்காது இல்லையா?

செம்புச்சுருள்:
அதேதான். கார்டின் தொடக்கத்தில் வெறும் '0'-களாகக் கொஞ்ச தூரம் விட்டிருப்பது, ஒரு பிட்டுக்கு எவ்வளவு நேரம் என்ற கடிகாரத்தைக் கருவி பிடித்துக்கொள்ளத்தான். ஹெட்டுக்கு முன்னால் வழிகாட்டும் பள்ளத்தை இரண்டு விரற்கடை நீட்டுங்கள், கை வேகமெடுத்த பிறகே பட்டை ஹெட்டைத் தொடும்.